பக்கவாட்டில் குழாய் முளைத்த ஷாக்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் பந்தயம் ஓடும் டிராஃபி டிரக் ஒன்றின் பின்சக்கரத்தருகே குனிந்து பார்த்தால், நம் ஊர் மெக்கானிக் ஷாக் என்று கழற்றிப் போடும் சாமானுக்கும் அங்கே இருப்பதற்கும் உறவு இருப்பதாகவே தோன்றாது. விட்டம் 4 அங்குலம், சிலவற்றில் அதற்கும் மேல். உடம்பைச் சுற்றி மூன்று, நான்கு, ஐந்து என்று சிறு குழாய்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஒரு திருகு, அதை நகரவிடாமல் பிடிக்க ஒரு நட்டு. தடித்த ஹோஸ் ஒன்று கிளம்பி, தனியே கட்டியிருக்கும் இன்னோர் உருளைக்குப் போகும். இது போதாதென்று பக்கத்திலேயே சுருள் ஸ்பிரிங் மாட்டிய இரண்டாவது ஷாக். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒற்றைச் சக்கரத்தை 30 அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்க விடுகின்றன.

அந்தக் குழாய்களை வைத்தே அதற்கு பைபாஸ் ஷாக் என்று பெயர். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே நாளில் உதித்த யோசனை அல்ல. சக்கரத்துக்கு இன்னும் ஓட்டம், அதாவது ஏறி இறங்கும் தூரம், வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், அதற்காக ஷாக்கைப் பூட்டும் இடத்தை மாற்றியவர்கள், மாற்றிய இடத்தில் எண்ணெய் சூடேறித் திண்டாடியவர்கள் என்று பலர் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது. பைபாஸ் ஷாக் பிறந்த இடம் அதைப் பூட்டும் போல்ட் ஓட்டைதான் என்பது என் கட்சி. அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

மேட்டில் சக்கரம் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த ஆற்றலைப் பிடித்துவைக்கிறது; அடுத்த கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இடையில் தடுக்க ஆளில்லையென்றால் வண்டி ஆடிக்கொண்டேயிருக்கும். குதிரைவண்டி வேகத்தில் இது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. கமான் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். மோட்டார் வந்து வேகம் கூடிய பிறகுதான் ஆட்டத்தை விழுங்கத் தனியாக ஓர் உறுப்பு தேவைப்பட்டது.

முதலில் வந்தது உராய்வு. 1890களின் இறுதியில் பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்து, அது ஆடாதிருக்க உராய்வுத் தகடுகளையும் சேர்த்தார். அதன் அருமையைக் கண்டுகொண்டு காருக்குக் கொண்டுபோனவர் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர். ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்ட் என்ற இரட்டைப் பெயரிலேயே அது விற்றது. கத்தரிபோல இரண்டு கைகள், அவை சந்திக்கும் இடத்தில் ஒரு போல்ட்டால் இறுக்கிய வட்டத் தகடுகள், அவ்வளவுதான். போல்ட்டைத் திருகினால் கடினம், தளர்த்தினால் மென்மை. ஆனால் உராய்வுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நகரத் தொடங்கும் கணத்தில்தான் அதற்குப் பிடிவாதம் அதிகம். நகர்ந்துவிட்டால் வேகத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சின்னக் கல்லில் வண்டி முரட்டுத்தனமாகத் தூக்கிப் போடும். பெரிய பள்ளத்தில் கைவிட்டுவிடும். நமக்கு வேண்டியது இதற்கு நேரெதிர்.

நடுவில் ஒரு வேடிக்கையான உறவுக்காரர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கார் ஹாரன் செய்துகொண்டிருந்த கிளாட் ஃபாஸ்டர், கேப்ரியல் ஸ்னப்பர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். சுருட்டிய வார் ஒன்று, அதை எப்போதும் இழுத்துப் பிடிக்க உள்ளே ஒரு ஸ்பிரிங். சக்கரம் மேலே ஏறும்போது வார் தளர்ந்து சுருண்டுகொள்ளும். சேஸ் துள்ளி எழும்போது மட்டும் இழுத்துப் பிடிக்கும். அந்தக் கேப்ரியல் பெயர்தான் 1961-ல் இந்தியாவுக்கு வந்தது. கேப்ரியல் இந்தியாவின் ஆலைகளில் ஒன்று ஓசூரில் இருக்கிறது. நம் பக்கம் ஷாக் என்றாலே கேப்ரியல் என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் உண்டு. வாரைப் பற்றி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் அது வேறு வேலைக்குத் திரும்பி வரப்போகிறது.

எண்ணெய் வந்ததும் கதை மாறியது. மோரீஸ் ஹூடாய் என்ற பிரெஞ்சுக்காரரின் சாதனத்தில், வட்டப் பெட்டிக்குள் எண்ணெய், அதில் திரும்பும் துடுப்பு, சிறு துவாரம் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகவேண்டிய கட்டாயம். மெதுவாகத் தள்ளினால் எண்ணெய் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். வேண்டிய குணம் இதுதான். 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் நான்கு சக்கரங்களிலும் ஹூடாய் ஷாக் இருந்தது. பிறகு துடுப்பு போய், சைக்கிள் பம்பு போல உள்ளே போய் வரும் தண்டும் பிஸ்டனும் வந்தன. இரண்டு குழாய், ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே பிஸ்டன், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் அதன் மேல் கொஞ்சம் காற்றும். இன்று வாங்கும் சாதாரணக் கார் ஷாக்கிலும் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

அந்தக் காற்றில்தான் வினை. தண்டு உள்ளே நுழையும்போது அதன் பருமனுக்குச் சமமான எண்ணெய் எங்காவது போகவேண்டும், எண்ணெய் அமுங்காது. ஆகவே அமுங்கக்கூடிய காற்று கொஞ்சம் இருந்தாகவேண்டும். ஆனால் விடாமல் குலுக்கினால் காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிடும். நுரைக்குள் பிஸ்டன் சும்மா போய் வரும். 1950களில் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் இதற்கு வழி சொன்னார். ஒரே குழாய், அடியில் அழுத்தமேற்றிய வாயு, எண்ணெயும் வாயுவும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே மிதக்கும் பிஸ்டன். அந்த உரிமையை ஜெர்மனியின் பில்ஸ்டீன் வாங்கியது. 1957-ல் மெர்சிடஸ்-பென்ஸ் கார்களுக்குச் செய்துகொடுத்தது. வாயு எப்போதும் எண்ணெயை அழுத்திக்கொண்டிருப்பதால் நுரை கிளம்ப வாய்ப்புக் குறைவு. ஒற்றைக் குழாய் ஆனதால் எண்ணெயின் சூடு நேரே வெளிச்சுவருக்கு வந்து காற்றில் கலக்கிறது. இந்த இரண்டாவது நன்மையின் மதிப்பு பாலைவனத்தில்தான் முழுதாகத் தெரிந்தது.

1962-ல் டேவ் எக்கின்ஸும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் ஹோண்டா பைக்குகளில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை பாஹாவைக் கடந்தார்கள். எக்கின்ஸுக்கு ஆன நேரம் 40 மணிக்குச் சற்றுக் குறைவு. சாலை என்று சொல்லத்தக்கது பெரும்பகுதி தூரத்துக்கு இல்லை. 1967-ல் புரூஸ் மையர்ஸும் டெட் மேங்கல்ஸும் ஒரு மேங்ஸ் பக்கியில் அதை 34 மணி 45 நிமிடத்தில் முடித்தார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உறுப்புகள், ஃபைபர் கிளாஸ் உடம்பு; மையர்ஸ் தானே வடிவமைத்தது. அந்த ஆண்டே எட் பேர்ல்மன் தொடங்கிய நோர்ரா அமைப்பு மெக்சிகன் 1000 என்ற பந்தயத்தை நடத்தியது. விக் வில்சனும் அதே மேங்கல்ஸும் மேங்ஸ் பக்கியிலேயே 27 மணி 38 நிமிடத்தில் வென்றார்கள். இன்று பாஹா 1000 என்று உலகம் அறிவது இதன் தொடர்ச்சி.

பக்கி ஜெயித்ததற்குக் காரணம் எளிது: எடையே இல்லை. பின்னால் வந்த பிக்கப் டிரக்குகளுக்கும் ஃபோர்டு பிராங்கோக்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கடையில் வாங்கிய வண்டியைப் பலப்படுத்தி ஓட்டினார்கள். சேஸ் விரிந்தது, ஷாக் பூட்டிய முட்டுகள் பிய்ந்துகொண்டு வந்தன. இண்டியனாபொலிஸ் 500 வென்ற பார்னெல்லி ஜோன்ஸ், பில் ஸ்ட்ராப்பின் பட்டறைப் பிராங்கோக்களில் இதையெல்லாம் அனுபவித்துவிட்டு, ஒரு முடிவுக்கு வந்தார். பிராங்கோவைத் திருத்துவதை நிறுத்தினார்கள். குரோம்-மாலி எஃகுக் குழாய்களால் சட்டத்தைப் புதிதாகக் கட்டி, பிராங்கோவின் தோற்றத்தை மட்டும் மேலே போர்த்தினார்கள். பிக் ஆலி என்ற அந்த வண்டி 1971, 1972 இரண்டு ஆண்டும் பாஹாவில் ஜெயித்தது; 1971-ல் 15 மணி நேரத்துக்குச் சற்று முன்பே முடித்துவிட்டது.

என் கணக்கில் திருப்பம் அங்கேதான். சட்டத்தை நீங்களே கட்டினால், ஷாக்கின் மேல்முனையைப் பூட்டும் இடத்தையும் நீங்களே தீர்மானிக்கலாம். கம்பெனி வண்டியில் அந்த இடம், சேஸ் எங்கே இருக்கிறதோ அங்கே என்று முன்பே முடிவாகிவிட்டது.

இதன் கனம் புரிய ஒரு சின்னக் கணக்கு. ஷாக்கைச் சக்கரத்தை ஒட்டி, நேர்ச்செங்குத்தாகப் பூட்டுகிறோம்; சக்கரம் 10 அங்குலம் ஏறினால் ஷாக்கும் 10 அங்குலம் அமுங்கும். அதையே 45 டிகிரி சாய்த்துப் பூட்டினால் 7 அங்குலம்தான் அமுங்கும். ஓடும் தூரம் குறைந்தால் வேகமும் குறைந்தது. எண்ணெய் ஷாக்கின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது என்பதால் அதுவும் குறைந்தது. குறைந்த அந்த விசையும் சாய்வாகத்தான் சக்கரத்தின் மேல் வேலை செய்கிறது. ஆக, இரண்டு முறை நஷ்டம். 30 டிகிரி சாய்வில் சக்கரத்துக்குக் கிடைப்பது முக்கால் பங்கு, 45 டிகிரியில் பாதி. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நட்டநடுவில் பூட்டினால் கால் பங்கு. அதே ஷாக், அதே விலை, அதே எண்ணெய். போல்ட் ஓட்டை மட்டும் இடம் மாறியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு ஷாக்குகளையும் உள்நோக்கி வெகுவாகச் சாய்த்துப் பூட்டிய பிக்கப்பைப் பார்த்தால், அந்த வண்டிக்காரர் பணத்தில் பாதியைக் கொடுத்ததற்குப் பலனே இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

பின் ஏன் எல்லோரும் செங்குத்தாகப் பூட்டவில்லை? இடம் இல்லை. சக்கரம் 20 அங்குலம் ஓடவேண்டுமென்றால் அமுங்கிய நிலையிலேயே ஷாக் நீளமாக இருக்கும். மேல்முனை பிக்கப்பின் சரக்குத் தொட்டியைத் துளைத்துக்கொண்டு மேலே போயாகவேண்டும். சரக்கு ஏற்றுபவர் சம்மதிக்கமாட்டார். பந்தயக்காரர்கள் சம்மதித்தார்கள். தொட்டியின் தரையை அறுத்து, குழாயை வளைத்து வளையமாக எழுப்பி, அதன் உச்சியில் ஷாக்கைத் தொங்கவிட்டார்கள். இன்றைக்கும் இந்த வகை டிரக்கின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் சரக்கு வைக்கும் இடத்தில் ஷாக்குகளும் உதிரிச் சக்கரங்களும்தான் நிற்கும்.

அதே காலத்தில் மோட்டோகிராஸ் பைக்குகளிலும் இந்த வெறி பிடித்திருந்தது. பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் யோசித்த ஒற்றை ஷாக் அமைப்பை எடுத்துக்கொண்டு யமஹா களமிறங்கியது. 1973-ல் அந்த பைக்கில் ஹாகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். பின்சக்கரத்தின் ஓட்டம் அதன் பிறகு ஆண்டுக்காண்டு கூடியது. 1974-ல் கலிஃபோர்னியாவின் பாப் ஃபாக்ஸ், சுருள் ஸ்பிரிங்கே இல்லாமல் காற்றழுத்தத்தையே ஸ்பிரிங்காக வைத்து ஃபாக்ஸ் ஏர்ஷாக்ஸ் செய்தார். 1976-ல் கென்ட் ஹவர்டன் அதை மாட்டிக்கொண்டுதான் அமெரிக்காவின் 500 சிசி பட்டத்தை ஜெயித்தார். பைக் உலகத்தில் கற்ற பாடங்கள் நாலு சக்கரப் பட்டறைகளுக்கு வர நாளாகவில்லை. தூரமும் பெரிதில்லை, ஃபாக்ஸ் இருந்ததும் கலிஃபோர்னியாதான்.

ஓட்டம் கூடியதும் சூடு கூடியது. பாஹாவில் வூப்ஸ் என்று ஒன்று உண்டு: மணல் பாதையில் ஒரே இடைவெளியில் எழும் மேடுகளின் வரிசை, சில இடங்களில் மைல் கணக்கில். அவற்றை எழுப்பியது வண்டிகளேதான். ஒரு சக்கரம் துள்ளி விழுந்த இடம் பள்ளமாகும், பள்ளத்தில் அடுத்த வண்டி இன்னும் துள்ளும். நல்ல ஷாக் வந்ததும் வேகம் கூடியது; வேகம் கூடியதும் மேடுகள் பெரிதாயின; பெரிய மேட்டுக்கு இன்னும் நல்ல ஷாக் தேவைப்பட்டது. இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

அந்த வரிசையில் ஷாக்குக்கு என்ன நேர்கிறது என்று போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ. அது 30 சென்டிமீட்டர் இறங்கி அடங்குகிறது. ஷாக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1,760 ஜூல். உள்ளே ஒரு லிட்டர் எண்ணெய் என்றால், அத்தனையும் எண்ணெய்க்கே போனால், ஒரு குதிப்புக்குச் சற்றேறக்குறைய 1 டிகிரி சூடு ஏறும். கேட்க ஒன்றுமில்லைபோல இருக்கிறது. வினாடிக்கு இரண்டு மேடு, ஒவ்வொன்றிலும் பாதி அளவே இறக்கம் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் 300 டிகிரிக்கான வெப்பம் உள்ளே சேர்ந்துவிடுகிறது. குழாயின் இரும்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், எதிர்க்காற்று கொஞ்சம் கொண்டுபோகும். மிச்சம் எண்ணெய்க்கு. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போகும், ரப்பர் சீல் கருகும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம், புறப்பட்டபோது இருந்த வண்டி இப்போது இல்லை என்பதுதான்.

இதற்கு முதலில் கிடைத்த விடை எண்ணிக்கை. ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷாக், மூன்று, நான்கு. பந்தயத்தில் அது நியாயம். சூட்டைப் பங்கு போட்டார்கள். அதைப் பார்த்துத் தெருவிலும் பரவிய மோகத்துக்குத்தான் நியாயம் கிடையாது. 1980களில் அமெரிக்காவில் உயர்த்திய பிக்கப்புகளில் பளிச்சென்ற ரப்பர் உறை போட்ட நான்கு ஷாக்குகளை ஒரே சக்கரத்துக்கு நிறுத்தியிருப்பார்கள். சந்தைக்குப் போய் வரும் வண்டிக்கு நான்கு ஷாக்கின் எதிர்ப்பு சேர்ந்தால் முதுகு உடையும், அவ்வளவுதான் பயன்.

இரண்டாவது விடை, ஷாக்கைப் பெரிதாக்குவது. 2 அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டரை அங்குலம் என்றால் பிஸ்டனின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். எண்ணெயும் அந்த அளவுக்குக் கூடும். வாயுவைத் தனி உருளைக்கு மாற்றி ஹோஸில் இணைத்தார்கள். இப்படிச் செய்ததால் முழுக்குழாயும் பிஸ்டன் ஓடுவதற்கே கிடைத்தது, எண்ணெயும் கூடியது. நைட்ரஜன் அழுத்தம் வழக்கமாக 200 பிஎஸ்ஐ. பிஸ்டனில் துவாரங்கள், அவற்றை மூடிக்கொண்டு தாளைப்போல் மெல்லிய எஃகு வட்டத் தகடுகளின் அடுக்கு. அந்த அடுக்கில் ஒரு தகட்டின் தடிமனை மாற்றினாலே வண்டியின் நடத்தை மாறும். ஆனால் மாற்ற ஷாக்கைப் பிரிக்கவேண்டும்: வாயுவை இறக்கி, எண்ணெயை வடித்து, தண்டைப் பிடுங்கி. பாலைவனத்தில் நின்றுகொண்டு செய்கிற வேலையா அது?

அதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று இருந்தது. வண்டி மேட்டில் பறந்து விழும்போது வேண்டிய கடினத்தை வைத்தால், சாதாரணக் கல் பாதையில் ஓட்டுபவரின் பற்கள் ஆடும். கல் பாதைக்கு ஏற்ற மென்மையை வைத்தால், பறந்து விழும்போது சேஸ் தரையில் மோதும். ஒரே பிஸ்டன், ஒரே தகட்டு அடுக்கு. வேகத்தை மட்டும் அறிந்த ஷாக்குக்கு, தான் இப்போது ஓட்டத்தின் நடுவில் இருக்கிறோமா, முடிவை நெருங்கிவிட்டோமா என்று தெரிய வழியில்லை.

ஷாக் சிறிதாக இருந்தவரை இதற்கு வழி பிறந்திருக்காது. நாலு அங்குலம் ஓடும் பிஸ்டனில் நடு எது, ஓரம் எது? ஆனால் போல்ட் ஓட்டையை உயர்த்தி உயர்த்தி, ஷாக்கை நிமிர்த்தி நிமிர்த்தி, பிஸ்டன் 18, 20 அங்குலம் ஓடும் நிலைக்கு வந்தபோது, பிஸ்டன் நிற்கும் இடம் என்பதே ஒரு தகவலாகிவிட்டது. அதைப் பயன்படுத்தியதுதான் பைபாஸ்.

செயல்படும் விதம் இது. குழாயின் நடுப்பகுதிச் சுவரில் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே ஒரு சிறு குழாய் கிளம்பி, பிஸ்டனின் மறுபக்கத்துக்குத் திரும்பிச் சேர்கிறது. பிஸ்டன் நடுப்பகுதியில் ஓடும்போது எண்ணெய் தகடுகளோடு மல்லுக்கட்டாமல் அந்தச் சுற்றுவழியாக நழுவிவிடும். வண்டி மிதக்கும். சக்கரம் மேலும் ஏறினால் பிஸ்டன் முதல் துளையைத் தாண்டும். ஒரு வழி அடைபடும். இரண்டாவதைத் தாண்டினால் இன்னொன்று. கடைசித் துளையையும் தாண்டிவிட்டால் எண்ணெய்க்குப் பிஸ்டனை விட்டால் வேறு கதியில்லை. முழுக் கடினமும் அப்போது வேலைக்கு வருகிறது. குழாய்களில் ஒருவழி வால்வு இருப்பதால் அமுங்கும்போதைக்குச் சில, விரியும்போதைக்குச் சில என்று பிரித்துவிடலாம். தலையிலுள்ள திருகைத் திருப்பி ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சரிசெய்யலாம். ஷாக்கைப் பிரிக்கவேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும். 1994-ல், பாஹா 1000-ஐ நடத்தும் ஸ்கோர் அமைப்பு டிராஃபி டிரக் வகுப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வகுப்பு என்பதால் பட்டறைகள் கைவரிசை காட்டின. பைபாஸ் ஷாக் அந்த வண்டிகளோடு சேர்ந்தே வளர்ந்தது. ஸ்பிரிங்கைத் தாங்குவதற்குக் காயில்-ஓவர் என்ற ஸ்பிரிங் மாட்டிய ஷாக், ஆட்டத்தை அடக்குவதற்குப் பைபாஸ் என்று வேலைப் பிரிவினையும் நிலைபெற்றது.

இன்று சொந்தமாக ஒரு டிரக் கட்டுபவரும் இந்த வரிசையையே பின்பற்றுகிறார், தெரிந்தோ தெரியாமலோ. விவரமுள்ளவர் முதலில் கடைக்குப் போவதில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலே முட்டும்வரை ஏற்றுவார், கீழே தொங்கும்வரை இறக்குவார். இரண்டு நிலையிலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து டயர் எங்கே உரசுகிறது என்று பார்ப்பார். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு நிலையிலும் டேப் வைத்துக் குறித்துக்கொள்வார். வாங்கும் ஷாக், அமுங்கிய அளவில் அதைவிடக் கொஞ்சம் சிறியதாகவும் விரிந்த அளவில் கொஞ்சம் பெரியதாகவும் இருக்கவேண்டும். சக்கரத்தின் ஏற்றத்தை நிறுத்துவது பம்ப் ஸ்டாப்பின் வேலை. இறக்கத்தை நிறுத்துவது லிமிட் ஸ்ட்ராப் என்ற நைலான் வாரின் வேலை. கேப்ரியலின் வார் திரும்பி வரும் என்றேனே, இதுதான். ஆட்டத்தை அடக்க அல்ல. கனத்த ஆக்சில் மொத்தமும் ஷாக்கின் தண்டில் தொங்கி, உள்ளேயுள்ள பிஸ்டன் நட்டைப் பிடுங்காமல் காக்க.

முட்டு வைப்பதிலும் நுணுக்கம் உண்டு. போல்ட்டை ஒரு பக்கத் தகட்டில் மட்டும் நீட்டிவிட்டு ஷாக்கின் கண்ணை அதில் மாட்டுவது சாலை வண்டிக்குச் சரி. பறந்து விழும் வண்டியில் அந்த போல்ட் வளைந்துவிடும். இரண்டு தகடு, நடுவில் கண், குறுக்கே போல்ட் என்பதுதான் அங்கே முறை. கண்ணுக்குள் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக உருண்டை பேரிங்; அதன் இரு புறமும் கூம்பு வடிவ ஸ்பேசர், ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது ஷாக் சாய இடம் கொடுப்பதற்காக. முதலில் டேக் வெல்டிங் மட்டும் வைத்து, சக்கரத்தை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். வாயுவும் எண்ணெயும் பிரிக்கப்படாத எமல்ஷன் வகை என்றால் தண்டு கீழ்ப்பக்கம் இருந்தாகவேண்டும்; கவிழ்த்துப் பூட்டினால் பிஸ்டன் வாயுவுக்குள் நீந்தும். தனி உருளையுள்ள வகையை எப்படியும் பூட்டலாம், கனமான உடம்பு சேஸ் பக்கம் இருப்பது நல்லது. ஒற்றைக் குழாய்க்குக் கல்லடி ஆகாது. சுவர் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் ஷாக் அதே அடியை வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். மலிவான சாமானுக்கும் ஒரு பெருமை உண்டு.

தினமும் அலுவலகம் போய்வந்து, மாதம் ஒருமுறை ஆற்றுமணலில் ஓட்டுபவருக்குப் பைபாஸ் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். நல்ல இரண்டரை அங்குல ஒற்றைக் குழாய் ஷாக்கைச் சரியான கோணத்தில் பூட்டினால் அவருக்குத் தாராளம். வெளிக்குழாய் பைபாஸில் ஒருவழி வால்வுகள் திறந்து மூடும் டக் டக் சத்தமே வாகன நெரிசலில் மனிதரைப் பைத்தியமாக்கிவிடும்.

கம்பெனிகளும் இதை யோசித்தன. ஃபோர்டு 2010 மாடலாக எஃப்-150 ராப்டரைக் கொண்டுவந்தபோது, ஃபாக்ஸ் அதற்கென்று இரண்டரை அங்குல ஷாக் செய்துகொடுத்தது. வெளிக்குழாய்கள் இல்லை, குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்குழாயின் சுவரில் துளைகள். எண்ணெயின் சுற்றுவழி இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில். சத்தம் இல்லை, மழை, சேறு தாக்காது, திருகும் கிடையாது. துளை எங்கே விழவேண்டும் என்பதைத் தொழிற்சாலை தீர்மானித்துவிட்டது. 2017 மாடலில் அது 3 அங்குலமாயிற்று, 2019-ல் மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்தது.

துளைகளின் இடம் வண்டி நிற்கும் உயரத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. வாங்கியவர்களில் சிலருக்கு அந்த உயரம் போதவில்லை. பெரிய டயர் போடுவதற்கோ பார்வைக்கோ ஸ்பிரிங்கை இறுக்கி முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். பிஸ்டன் நடுப்பகுதியை விட்டு விரியும் பக்கமாக நகர்ந்து நிற்கிறது. சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதே துளைகள் முடிந்துபோய் விரியும்போதைக்கான கடினம் பிடித்துக்கொள்ள, முன்பக்கம் டங்கென்று அடிக்கிறது. ஷாக் போய்விட்டது என்று புது ஷாக் விசாரிக்கிறார்கள். தொழில் தெரிந்த பட்டறைக்காரர் விற்கமாட்டார். டேப்பை எடுத்துச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்துவிட்டு, ஸ்பிரிங் காலரைப் பழைய இடத்துக்கு இறக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.